குலசை தசரா: கொடியேற்றம் முதல் காப்புக் களைதல் வரை

முதல் நாள்: கொடியேற்றம்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரச் சாலையில் சுமார் 13 கி.மீ. வந்தால் குலசேகரன்பட்டினம். சுற்று வட்டாரத்துக்கு இது குலசை. ஆண்டின் மற்ற நாட்களில் உப்பளம், பனைமரம், மணல், இரண்டு மூன்று டீக்கடை என்று அமைதியாகக் கிடக்கும் சின்ன ஊர். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் முத்தாரம்மன் கோயிலில் கொடி ஏறியதும், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிராமங்கள் எல்லாம் இந்த ஊரைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றன. 2024-இல் அக்டோபர் 3-இல் கொடியேறி 12-இல், அம்மன் மகிஷாசுரனை வதைக்கும் சூரசம்ஹாரம். 2025-இல் செப்டம்பர் 23-இல் கொடியேறி அக்டோபர் 2-இல் சூரசம்ஹாரம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பஞ்சாங்கம் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் போட வேண்டும்.

கருவறையில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார்கள். காலையில் கொடிப்பட்டம் வீதி சுற்றி வந்து, கொடி ஏறி, கொடிமரத்துக்கு அபிஷேகமும் தீபாராதனையும் முடிந்த கையோடு காப்புக் கட்டுதல் தொடங்கிவிடுகிறது. கோயிலில் வாங்கிய மஞ்சள் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். தனியாக வருபவர் தனக்கு ஒன்று வாங்கிப் போகிறார். ஊர் சார்பாக வருபவர் கட்டுக்கட்டாக வாங்கிப் போகிறார். அந்தக் கட்டு ஊருக்குப் போய், அங்குள்ள அம்மன் கோயிலில் வைத்துப் பூஜை செய்து, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் போடப்போகும் விரதக்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏறும். குலசை தசராவின் பெரும்பகுதி குலசையில் நடப்பதில்லை. இந்தக் கயிறு போய்ச் சேரும் ஊர்களில்தான் நடக்கிறது. பத்தாம் நாள் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். அதனால்தான் இந்தக் குறிப்புகளில் கோயிலைவிடக் கிராமங்கள் அதிகம் வருகின்றன.

கொடியேற்ற நாளில் வருபவர்களுக்கு ஒன்று. காப்பு வாங்கும் வரிசை காலையிலேயே நீண்டுவிடும். ஊருக்கு மொத்தமாக வாங்க வருபவர், யார் யாருக்கு என்ற பெயர்ப் பட்டியலை எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். கயிறு குறைந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இரவு அம்மன் துர்க்கை கோலத்தில் சிம்ம வாகனத்தில் வீதியுலா. இனி ஒவ்வோர் இரவும் ஒரு கோலம், ஒரு வாகனம்: கற்பக விருட்சம், ரிஷபம், மயில், காமதேனு என்று.

இரண்டாம் நாள்: உடன்குடி

குலசையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பத்து நாளும் இங்கே கருப்பட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே வேஷச் சாமான் கடைகள் போட்டிருப்பார்கள். தகரக் கிரீடம், அட்டையில் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய மார்க்கவசம், சடைமுடி, மரக்கைகள், சலங்கை, சூலம், கோரைப்பல், குரங்குமுகம், கரடித்தோல், போலீஸ் தொப்பி, வக்கீல் கோட்டு எல்லாம் ஒரே கடையில் தொங்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. கிரீடத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். தகரம் மடிக்கப்படாமல் இருந்தால் அரைமணி நேரத்தில் நெற்றியைக் கிழித்துவிடும். மடித்திருந்தாலும் உள்ளே பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொள்வது நல்லது. வியர்வையையும் அதுவே குடித்துக்கொள்ளும். சூலம், வாள் எல்லாம் மரத்தில், அட்டையில், மெல்லிய தகரத்தில் இருக்கட்டும். கூர்மையான இரும்பு ஆயுதத்துக்குப் போலீஸ் தடை உண்டு. சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சாதி அடையாளம் கொண்ட கொடி, ரிப்பன், பனியன் எதற்கும் அனுமதி கிடையாது. இது மிக அவசியமான தடை. ஒரு தெருவில் கட்டிய ரிப்பன் அடுத்த தெருவில் சண்டையாக மாறுவதற்கு ஒரு நிமிடம் போதும். அம்மன் பேரில் ஒன்றாக நடப்பதற்காக வந்தவர்கள் அந்த ஒரு ரிப்பனால் இரண்டாகிவிடக் கூடாது.

நான்காம் நாள்: தசரா செட்

ஊர் ஊராகக் குழு சேர்ந்து வேஷம் போட்டு வருவதை இங்கே ‘தசரா செட்’ என்கிறார்கள். பேனரில் ‘தசரா குழு’ என்று இருக்கும். வேஷம் போடுகிறவர் பத்துப் பேராகவும் இருக்கலாம், நூறு பேராகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் முழு ஊரும் நிற்கிறது.

வேலை ஆடியிலேயே ஆரம்பமாகிவிடும். ஊர்க்கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி முடிவு செய்கிறார்கள். மேளத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். நையாண்டி மேளம், தாரை தப்பட்டை, கேரளத்துச் செண்டை, பேண்டு செட் என எது வேண்டுமோ அதை ஆவணிக்குள் பேசி முடிக்காவிட்டால் புரட்டாசியில் கிடைக்காது. கிடைத்தாலும் இரட்டிப்புக் கூலி. பிறகு லோடு வேன், ஜெனரேட்டர், மைக் செட், விளக்கு. அம்மன் கோயில் பக்கத்திலோ பொது இடத்திலோ ஓலையும் தகரமும் வைத்துக் குடில் போடுகிறார்கள். விரதக்காரர்கள் தங்குவதும், பொங்கித் தின்பதும், தூங்குவதும் அங்கேயே. தரையில் பாய்தான், கட்டில் மெத்தை கிடையாது.

விரத நாட்கள் வேஷத்தைப் பொறுத்தவை. காளி வேஷத்துக்கு 48 நாள், 41 நாள் என்று கடுமையாக இருக்கிறார்கள். மற்ற வேஷங்களுக்கு 21, 11 என்று குறையும். கடலில் குளித்து, துளசி மாலை போட்டு, சிவப்பு உடுத்திக்கொண்டால் விரதம் தொடங்கியது என்று அர்த்தம். ஒரு வேளைச் சாப்பாடுதான், அதுவும் பச்சரிசிச் சோறு, தானே பொங்கியது. இந்த ‘தானே பொங்குவது’தான் பெரிய காரியம். வீட்டில் ஒரு தம்ளரைக் கூடக் கழுவி வைக்காத ஆண்கள் அதிகாலையில் அரிசி களைந்து, விறகு ஊதி, பாத்திரம் தேய்க்கிறார்கள். சென்னையில் மளிகைக் கடை நடத்துபவரும், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவரும், ஊரிலேயே பனையேறுபவரும் ஒரே அடுப்பில் பொங்குகிறார்கள்.

வேஷங்களுக்குக் கணக்கில்லை. காளி, எமன், சித்ரகுப்தன், முருகன், ராஜா ராணி, குறவன் குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், பைத்தியம், பிச்சைக்காரர். என்ன வேண்டிக்கொண்டார்களோ அதுதான் வேஷம். கல்யாணம் ஆக வேண்டும், குழந்தை வேண்டும், நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று தொடர்ந்து போடுகிறார்கள். சிலர் காப்புக் கட்டிய மறுநாளே வேஷம் கட்டிவிடுவார்கள். பலருக்குக் கடைசி ஐந்தாறு நாள்தான்.

வேஷம் கட்டியதும் முதல் வேலை தர்மம் எடுப்பது. சொந்த ஊரில் தொடங்கிப் பக்கத்து ஊர்களுக்கு வீடு வீடாகப் போகிறார்கள். முன்னால் மேளம், அடுத்து காளி, பின்னால் மற்ற வேஷங்கள், கடைசியில் கணக்குப் பிள்ளையும் வேனும். வாசலில் நின்று “காளி வந்திருக்கா, தர்மம் போடுங்க தாயி” என்று குரல் கொடுத்ததும், வீட்டுப் பெண் மஞ்சள்தண்ணீரும் வேப்பிலையும் கொண்ட குடத்தோடு வந்து காளியின் காலில் ஊற்றி, குங்குமம் வைத்து, தட்டில் காசு போடுகிறாள். உள்ளே இருப்பவன் கொழுந்தன் மகன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்றுவரை “ஏலே” என்று கூப்பிட்டவள் இன்று “அம்மா, எம் பிள்ளைக்கு ஒரு வழி காட்டும்மா” என்று கையெடுக்கிறாள். அவனும் அதே கனத்தோடு அவள் தலையில் கைவைத்து வேப்பிலை கொடுக்கிறான். வசதியுள்ள வீட்டுக்காரர் தன் தெருவைத் தாண்டி, வழக்கமாக நுழையாத தெருவில், ஒரு குடிசை வாசலில் துண்டை விரித்து இரண்டு ரூபாய் வாங்குகிறார். இதைச் செய்யாமல் வெறுமனே நன்கொடைச் சீட்டு அடித்து வசூலித்தால் இன்னும் கூடுதலாகவே பணம் சேரும். ஆனால் கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே வாசலில் நேருக்கு நேர் நிற்பது நடக்காது. இந்தத் திருவிழாவுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுத்த ஊருக்குள் போகும் முறையும் உண்டு. நேராகத் தெருவில் இறங்கக் கூடாது. முதலில் அந்த ஊர் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் முதல் வீட்டில் கால் வைக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு செட் மோதினால் மேளம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். யார் முதலில் போவது என்று வாக்குவாதம் வரும். இதைத் தவிர்க்க, பக்கத்து ஊர்ச் செட்டுகளின் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து எந்த நாள் எந்த ஊர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்காகவே வருடத்துக்கு ஒரு முறையாவது பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள்.

மாலையில் ஊர்ச் சாப்பாடு. சாம்பார் சாதம் என்றால் 100 பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி, இரண்டரை முதல் மூன்று கிலோ துவரம் பருப்பு என்று கணக்கு வைக்கிறார்கள். செட் திரும்பும் நேரம் எப்போதும் தள்ளிப்போகும் என்பதால் காத்திருந்து சோறு குழைந்துவிடும். அனுபவமுள்ள ஊர்களில் பருப்பையும் காயையும் வேகவைத்து இறக்கி வைத்துக்கொண்டு, செட் எல்லைக்கு வந்துவிட்டது என்று போன் வந்த பிறகுதான் உலையில் அரிசி போடுகிறார்கள்.

ஆறாம் நாள்: காளி கட்டுவது

கிழக்கு வெளுக்கும் முன்பே குடிலில் விளக்கு. குளித்து வந்த காளிக்காரர் பெஞ்சில் உட்கார, முகத்திலும் கழுத்திலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறார்கள். இதைத் தவறவிட்டால் சாயம் மயிர்க்கால்களில் இறங்கிவிடும். சாயப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, வழியாத பதத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பூசுகிறார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளையும் கறுப்பும் கடைசியில்.

பெரிய ஆபத்து, மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எனாமல் பெயின்டை உடம்பில் பூசுவது. பளபளப்பாக இருக்கும், வியர்வையில் கலையாது என்று சில இளைஞர்கள் இதை எடுக்கிறார்கள். வியர்வை வெளியேற முடியாமல் தோல் வெந்துபோகும். இரவில் அதை எடுக்க மண்ணெண்ணெயும் தின்னரும் போட்டுத் தேய்த்தால் கொப்புளம் நிச்சயம். எண்ணெயில் குழைத்த சாயமாக இருந்தால் மறுபடி தேங்காய் எண்ணெய் தடவி மெல்லிய துணியால் துடைத்து, சீயக்காய் போட்டுக் குளித்தாலே போய்விடும். வெள்ளி நிறத்துக்கு அலுமினியப் பொடியைத் தூவுவதும் கெடுதல், மூச்சில் போகும்.

அடுத்து சிவப்புச் சேலை, மார்க்கவசம், சலங்கை. தலையில் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் சடைமுடி, அதன்மேல் கிரீடம். கிரீடத்தைத் தாடையோடு மட்டும் கட்டினால் பேச முடியாது. பின்கழுத்து வழியாக இரண்டு நாடா கொடுத்து முதுகில் முடிபோட வேண்டும். மரக்கைகள் பொருத்திய பலகை கடைசியில். அதன் பாரம் இடுப்பில் இறங்க வேண்டும். இடுப்பில் அகலமான துணிப்பட்டை, தோளில் குறுக்குப்பட்டை, நடுவில் பஞ்சு வைத்த துணி மூட்டை. பலகை தோளுக்கு மேலே ஏறிவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை இழுக்கும். மதியத்துக்குள் காளிக்காரர் உட்கார்ந்துவிடுவார். கோரைப்பல்லைக் கவ்விக்கொண்டு நடந்தால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாடை வலிக்கும். வீட்டு வாசலில் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும்போது எடுத்துவிடுவதே சரி.

கட்டி முடிக்க இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது. பக்கத்தில் எப்போதும் ஒருவர் உதவியாளாக நடக்க வேண்டும். காளிக்குக் குனிய முடியாது, பக்கவாட்டில் பார்க்க முடியாது, மின்கம்பி தாழ்ந்திருந்தால் தெரியாது. செருப்பு கிடையாது, உச்சிவெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். வீடுதோறும் ஊற்றும் தண்ணீர் அப்போது காலுக்குப் பெரிய ஆறுதல். பன்னிரண்டு முதல் மூன்று வரை குடிலிலோ கோயில் மண்டபத்திலோ இளைப்பாறும் செட்டுகள்தான் பத்தாம் நாள் வரை தாக்குப்பிடிக்கின்றன.

எட்டாம் நாள்: ஊர் சுற்றல்

கஜலட்சுமி கோலத்தில் அம்மன் இரவில்தான் வருவாள். பகலில் ஊரையும் பார்க்கலாம். பழைய துறைமுக ஊர் இது. பாரி நிறுவனம் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே குலசை வழியாக ஓட்டிய சிறு ரயில் 1940-இல் நின்றுபோனது. 1942-இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது இங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டு, பின்னர் அந்தத் தண்டனை நீங்கியது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியதும் இதே ஊரில்தான். தெற்கே மணப்பாடு, திருச்சிலுவை ஆலயம். குலசையிலேயே பள்ளிவாசல்கள் உண்டு. தசரா நாட்களில் தண்ணீர், மோர்ப் பந்தல், வண்டி நிறுத்த இடம் என்று வரும்போது யார் எந்தச் சமயம் என்று பார்த்து நடக்கிற ஊர் இல்லை இது.

பத்தாம் நாள்: சூரசம்ஹாரம்

இன்று மதியத்துக்குள் வந்துவிடுங்கள். அதற்குமேல் வாகனங்களை ஊருக்கு வெளியே, தற்காலிக நிறுத்தங்களிலேயே மறித்துவிடுவார்கள், அங்கிருந்து நடைதான். காலையிலிருந்தே செட்டுகள் வேன் வேனாக வந்து இறங்குகின்றன. “ஓம் காளி, ஜெய் காளி” என்ற முழக்கம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கிறது. பத்து நாள் எடுத்த தர்மத்தைக் கோயில் உண்டியலில் சேர்க்க வரிசை இரவு முழுக்க நீள்கிறது. காசை மூட்டையாகக் கொண்டுவராமல், நோட்டைத் தனியாக, சில்லறையைத் தனியாகச் சின்னப் பைகளில் பிரித்துக் கொண்டுவரும் செட் சீக்கிரம் நகர்கிறது.

சில செட்டுகள் சினிமா நடிகைகளைக் கூட்டிவந்து மேடைபோட்டு ஆடவைத்த காலம் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு ஆபாச ஆட்டத்துக்குத் தடை போட்டது. நியாயமான தடை. ஊர் வரியும் தர்மக் காசும் அந்த மேடைக்குப் போனபோது அன்னதானம்தான் சுருங்கியது.

நள்ளிரவு பூஜை முடிந்து, மகிஷாசுரமர்த்தினியாக அம்மன் சிம்ம வாகனத்தில் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்புள்ள கடற்கரைக்கு வருகிறாள். மகிஷாசுரன் எதிரே சுற்றிச் சுற்றி வருகிறான். சிங்கமுகம், எருமைமுகம், கடைசியில் சேவல் என்று உருமாறி வரும் ஒவ்வொரு தடவையும் அம்மன் சூலம் அவன்மேல் பாய்கிறது. லட்சக்கணக்கானவர்கள் நிற்கும் மணல்வெளியில் ஒரே குலவைச் சத்தம். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா கட்டுப்பாட்டால் இது கோயில் வளாகத்திலேயே, பக்தர் கூட்டம் இல்லாமல் நடந்தது. அப்போதும் கிராமங்களில் காப்பு மட்டும் கட்டிக்கொண்டு விரதத்தை விடாமல் இருந்தார்கள்.

கூட்டத்தில் செல்போன் எடுக்காது. குழுவாக வருபவர்கள் சந்திக்கும் இடத்தைப் பகலிலேயே பேசிவைக்க வேண்டும். குழந்தையின் சட்டைப்பையில் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். தடுப்புக் கம்பை ஒட்டி நிற்காதீர்கள். சூரன் திரும்பும்போது கூட்டம் அந்தப் பக்கம் சாயும். இருட்டில் கடலில் இறங்க வேண்டாம். சம்ஹாரம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ்ஸைத் தேடி ஓடுவதால் சாலை அசையாது. மணலிலேயே படுத்து விடிந்ததும் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். சுக்குக் காப்பி எங்கும் கிடைக்கும், கருப்பட்டி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

பதினொன்றாம் நாள்: காப்புக் களைதல்

அம்மனுக்குச் சாந்தாபிஷேகம் நடந்து, பூஞ்சப்பரத்தில் வீதி சுற்றி மாலையில் கோயில் சேர்ந்ததும் கொடி இறங்குகிறது. முதலில் சுவாமி அம்மனுக்குக் காப்புக் களைகிறார்கள். பிறகுதான் பக்தர்கள் தங்கள் கயிற்றை அவிழ்த்து விரதத்தை முடிக்கிறார்கள். நாளை பாலாபிஷேகத்தோடு கோயிலில் விழா நிறைவு.

ஊர்களில் இன்னும் வேலை பாக்கி. கிரீடத்திலும் கவசத்திலும் உள்ள வியர்வை உப்பைத் துடைத்து, தகரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் தொங்கவிட வேண்டும். அப்படியே மூட்டை கட்டினால் ஐப்பசி மழைக்குத் துருவேறிவிடும். சடைமுடியை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் கணக்கு. வரி எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, வேன் வாடகை, அரிசி, பருப்பு, மீதி என்ன என்று ஒரு வாரத்துக்குள் அம்மன் கோயில் முன்பு ஊர் கூடியிருக்கும்போது வாசித்துவிட வேண்டும். தர்மக் காசு தனி, ஊர் வரி தனி என்று இரண்டு நோட்டு வைத்திருந்தால் கேள்வி குறையும். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட செட்டுகள் அடுத்த ஆண்டு இரண்டு பேனரோடு, இரண்டு மேளத்தோடு, ஒரே தெருவில் தனித்தனியாக நடப்பது இந்த வட்டாரம் அறிந்த விஷயம். கணக்கு வாசித்த அதே கூட்டத்தில் மீதிப் பணத்திலிருந்து அடுத்த ஆண்டு மேளத்துக்கு முன்பணம் எடுத்து வைத்து, யார் போய்ப் பேசுவது என்பதையும் முடிவு செய்துகொண்டுதான் கலைகிறார்கள்.